உங்கள் மீன் இன்றும் சாப்பிடவில்லை

இன்று காலை தொட்டியின் மூடியைத் தூக்கியதும் அந்த வாடை வந்தது. கட்டுமாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் மூக்கில் ஏறுமே, உப்பும் பாசியும் கலந்த அதே வாடை. கீரமங்கலத்தில், பூ மார்க்கெட்டுக்கு நாலு தெரு தள்ளி, மல்லிகையும் சம்பங்கியும் மணக்க வேண்டிய வீட்டில் கடல் நாறுகிறது. நீங்கள் செய்துவிட்டுப் போன வேலை இது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. வாடை மட்டும் போவேனா என்கிறது.

வாடையைப் பற்றிப் புகார் சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் மீன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தீனியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெரிய கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இருபத்தாறு வருடமாக ஊர் ஊராகப் போய் நர்ஸ் வேலை பார்க்கிறவள் நான். சாப்பிடாத பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்டால் எப்போதிருந்து, எத்தனை தடவை வயிற்றால் போனது என்று எல்லாம் சொல்லிவிடுவாள். மீனிடம் என்னத்தைக் கேட்பது? பதில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். நீங்களோ சுவரில் மாலையைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மற்ற வீடுகளில் மகன் வெளிநாடு போனால் அப்பாக்கள் நாலு நாள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம் தேறிவிடுவார்கள். நீங்கள், நம்மவன் சிங்கப்பூர் போன மறுவாரமே அவன் படித்த மேசையை ஹாலுக்கு இழுத்துப் போட்டு, அதன்மேல் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை ஏற்றினீர்கள். அப்போது நீங்கள் கட்டுமாவடி ரூட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அரை மணி நேரம் வண்டி நிற்கும். அந்த அரை மணியில் நண்டு வலைக்குப் போகிற ஒருவரைப் பழக்கம் பிடித்து, கரையோரச் சேற்றுத் தண்ணீர் வேண்டாம், உள்ளே தெளிந்த இடத்தில் மொண்டு வாருங்கள் என்று கேனைக் கொடுத்து அனுப்பினீர்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேன் கேனாகக் கடல் வந்தது. தளும்பித் தன் புடவை நனைந்துவிட்டது என்று பேராவூரணிக்காரி ஒருத்தி என்னைத் தேடி வந்து சண்டை போட்டாள். உங்களிடம் போடவில்லை, என்னிடம்.

ஒன்றரை மாதம் அந்தத் தொட்டியில் தண்ணீரும் மணலும் கல்லும்தான். மீன் கிடையாது. வந்தவர்கள் எல்லாம் குனிந்து குனிந்து தேடினார்கள். “என்ன மதினி, அண்ணன் தண்ணியவா வளக்குறாரு?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அசையவில்லை. “தண்ணி பழகணும். அவசரப்பட்டா ஒரு உசுரு நிக்காது” என்றீர்கள். என் பிரசவத்துக்குக்கூட நீங்கள் இத்தனை பொறுமையாகக் காத்திருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்புறம் திருச்சிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு மீனைக் கொண்டுவந்தீர்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. கொஞ்சம் பெரியதாக இருந்தது பெரியவ, மற்றது சின்னவன். இந்த இனத்தில் பெரியதுதான் பொம்பளை, தொட்டியில் அவள் வைத்ததுதான் சட்டம் என்று கடைக்காரர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. தெருவே வந்து பார்த்தது. “கொழம்புக்கு ஆகுமாண்ணே?” என்று கேட்டவனிடம், “ஒன் வீட்டு நாயக் கொழம்பு வைப்பியாடா?” என்று எகிறினீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் உங்களுக்கு மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். “அதுக பாக்கக் கூடாதுல்ல” என்று முள்ளை இலையின் ஓரத்தில் ஒளித்துவைக்கிற உங்களைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்னி நட்சத்திர வெயிலில் மனிதர்களுக்கு மேலே தடதடவென்று சுற்றுகிற பழைய மின்விசிறி. மீனுக்குத் தனியாக ஒரு டேபிள் ஃபேன். தண்ணீர் சூடாகிவிடக் கூடாதாம். நான் வேலைக்குப் போய்விட்டு வியர்த்து வழிந்து வந்து அந்த ஃபேனுக்கு முன்னால் முகத்தை நீட்டினால், “தள்ளு தள்ளு, காத்து மறைக்குது” என்பீர்கள். முப்பது வருடத்தில் எனக்காக ஒரு ஃபேனைத் திருப்பி வைத்திருப்பீர்களா?

ஐப்பசியில் ஒரு நாள் காலை, டியூட்டிக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். புதுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பிரஷர் பார்க்கிறவளிடம் ஒரு தடவை கையை நீட்டியிருப்பீர்களா? “நமக்கெல்லாம் ஒண்ணும் வராது, நர்சம்மா” என்று என் பையைத் தள்ளிவிடுவீர்கள். அந்தக் கோபத்தை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை. இறக்கி வைக்கிற உத்தேசமும் இல்லை.

மகன் வந்து சேர மறுநாள் மதியம் ஆகும் என்றார்கள். உங்களை வைக்க ஐஸ் பெட்டி வந்தது. அதை மாட்ட ஹாலில் ஒரே ஒரு பெரிய பிளக்தான், தொட்டிக்குப் பக்கத்தில். மீனுக்குக் காற்றும் நீரோட்டமும் கொடுக்கிற மோட்டார் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதைப் பிடுங்கிவிட்டு ஐஸ் பெட்டியை மாட்டினார்கள். மறுநாள் உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு பார்த்தால், பெரியவ பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தாள்.

அதோடு விட்டார்களா? வீடு கழுவ வேண்டும் என்று உங்கள் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். குடம், அண்டா, பிரிட்ஜில் இருந்த பாட்டில், எல்லாத் தண்ணீரையும் கொட்டச் சொன்னார். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் புழங்கக் கூடாது, சரி, அது எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் நீங்கள் துணி போட்டு மூடி வைத்திருந்த மூன்று கேன் கடல் தண்ணீரும் சாக்கடையில் போனது. அப்புறம் வாளியோடு தொட்டிக்கு வந்தார். “இதுவும் எழவு பட்ட தண்ணிதானே ஆத்தா” என்றார். உள்ளே சின்னவன் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். “அண்ணி, அதுல கைய வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றேன். நீங்கள் போன பிறகு நான் வாய் திறந்து பேசியது அப்போதுதான். புருஷனுக்கு அழாதவ மீனுக்குச் சண்டைக்கு வந்தா என்று உங்கள் அக்கா காதுகுத்து வீடு, கல்யாண வீடு எல்லாவற்றிலும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அழவில்லைதான். எனக்கு அழுகையே வரவில்லை.

ஆக, நான் கேட்காத ஒரு மீனை எனக்கு வைத்துவிட்டுப் போனீர்கள். எப்படி வளர்ப்பது என்று ஒரு துண்டுக் காகிதம் உண்டா? வீடு முழுக்கத் தேடினேன். உங்கள் பழைய டைரி ஒன்று கிடைத்தது. ஆவலாகப் பிரித்தால், ‘சின்னவன் இன்னைக்கு நல்லா சாப்ட்டான்.’ அடுத்த பக்கம், ‘பெரியவ அவன வெரட்டுறா.’ இவ்வளவுதான் எழுத்து வேலை. மகனைப் போனில் கேட்டால், யாருக்காவது கொடுத்துவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்கிறான். அவனும் எதையோ படித்துவிட்டு ஒன்று சொன்னான். பெரியது செத்துவிட்டால் சின்னவன் மெல்ல மெல்ல வளர்ந்து அவனே பெரியவளாகிவிடுவானாம். நல்ல சௌகரியம். அழ வேண்டியதில்லை, பத்திரத்தில் பெயர் மாற்ற வேண்டியதில்லை.

உங்கள் கண்டக்டர் தம்பிதான் கை கொடுத்தது. நீங்கள் போன பதினாறாம் நாளே, புது டிரைவரிடம் சொல்லிவிட்டு, ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. “மதினி, அண்ணன் மீனுக்குத் தண்ணி.” அன்றையிலிருந்து வாரம் தவறியதில்லை. இந்தச் சித்திரையில் வாரத்துக்கு இரண்டு என்று ஆகிவிட்டது. வெயிலில் மீனும் வேகுதே என்று தம்பிக்கு ஒரு பதைப்பு. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், எங்கு பார்த்தாலும் கேன். அதனால், வெயிலுக்கு மறுபடி ஃபேனைப் போட்ட இந்த இரண்டு வாரமாக உங்கள் மீனுக்கு ராஜ உபசாரம் நடக்கிறது. தண்ணீர் மட்டம் தெரிவதற்காக என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தீர்களே, அது இன்னும் இருக்கிறது. என் நெற்றியில் இருந்ததை உங்கள் அக்கா எடுத்தார், கண்ணாடியில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. (நானும் வேலைக்குத் திரும்பிய அன்றே வேறு ஒட்டிக்கொண்டேன். அதற்கும் ஒரு பேச்சு வந்தது.) தினமும் பொட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்க இறங்க, அசல் கடல் தண்ணீராகவே ஊற்றி நிரப்புகிறேன். உங்களைப் போலக் கஞ்சத்தனம் பண்ணவில்லை. நீங்கள் குடிதண்ணீர்க் கேனிலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றுவீர்கள். “கடல் மீனுக்கு நல்ல தண்ணிய ஊத்துறீங்களே, கூறு இருக்கா?” என்று கேட்டேன். அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். “ஒனக்குச் சொன்னா வெளங்காது, நர்சம்மா.”

இருங்கள்.

ஏன் நல்ல தண்ணீர்?

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். நடுவில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஷேவிங் டப்பாவுக்குள் ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. அடியில் ஈயக் குண்டு வைத்தது, தண்ணீரில் போட்டால் நிமிர்ந்து நிற்கும். அது எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதில் ஓரிடத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். தொட்டியில் விட்டுப் பார்த்தேன். அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை எழும்பி நின்றது. உப்பு கூடக் கூடக் குழல் மேலே வரும், அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஃபேன் காற்றில் வற்றியது வெறும் தண்ணீர். உப்பு அப்படியே உள்ளே கிடந்தது. நான் தினமும் அதன் தலையில் மேலும் மேலும் உப்பை ஊற்றியிருக்கிறேன்.

இதை வேறு யாராவது செய்திருந்தால் பொறுத்துக்கொள்வேன். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் போடச் சொல்லிக்கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். “ஒரு சிட்டிகதான் உப்பு. நாக்குல வச்சுப் பாரு, கண்ணீர விடக் கரிக்கக் கூடாது. கூடிப்போனா புள்ளைக்கு இன்னும் மோசமாயிரும்” என்று எத்தனை தாய்மார்களை மிரட்டியிருப்பேன். தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். தூ!

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் தம்பி வாசலில் கேனோடு வந்து நின்றது.

“இனிமே ஒரு சொட்டு கொண்டாந்த, கால ஒடச்சிருவேன்” என்றேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. உட்காரவைத்து விவரம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தது.

“ஆமா மதினி. வத்துனா நல்ல தண்ணிதான் ஊத்தணும், அழுக்குத் தண்ணிய மாத்தும்போது மட்டுந்தான் கடத்தண்ணின்னு அண்ணன் சொல்லுவாரு. வண்டி ஓட்டிக்கிட்டே எனக்கு அத்தனையும் வெளக்குவாரு.”

“எனக்கு ஏன்டா சொல்லல?”

“நீங்க நர்சு. ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு இருந்துட்டேன்.”

பாருங்கள். கண்டக்டருக்குத் தெரியும். நண்டு வலைக்காரருக்குத் தெரிந்திருக்கும். கீரமங்கலத்திலிருந்து கட்டுமாவடி வரை டிக்கெட் எடுத்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். உங்களோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு மட்டும் விளங்காது.

உப்பை ஒரேயடியாக இறக்கினாலும் ஆபத்து என்று தம்பி சொன்னது. அது எனக்கே தெரியும், உடம்புக்கும் அப்படித்தான். மெடிக்கலில் போய் ஒரு ட்ரிப் செட் வாங்கி வந்தேன். உங்கள் யூனிபார்ம் மாட்டுகிற ஆணியில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டு, குழாயைத் தொட்டிக்குள் விட்டிருக்கிறேன். உள்ளே இருப்பதை அவ்வப்போது ஒரு குவளை மொண்டு கொட்டுகிறேன். பார்க்கிறவர்கள் மீனுக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சின்னவன் இன்னும் கல்லுக்குப் பின்னால்தான் இருக்கிறான். பிழைப்பானா என்று தெரியவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். பெரியவ எப்படிச் செத்தாள் என்று மகன் கேட்டபோது, நான் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை என்று சொன்னேன். அது பொய்.

பிளக்கைப் பிடுங்கியபோது நான் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. அத்தனை ஒப்பாரிக்கு நடுவிலும் கேட்டது. அடுத்த அறையில ஒரு பிளக் இருக்கு, வயர இழுத்து மாட்டுங்க. இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுற்றிலும் ஊர்ப் பொம்பளைகள். புருஷன் கிடக்கும்போது இவளுக்கு மீன் கேட்குதா என்பார்களே என்று விழுங்கிவிட்டேன். மறுநாள் மதியம் வரை, தலையைத் தூக்கும்போதெல்லாம் தொட்டியைத்தான் பார்த்தேன். இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்ததைப் பார்த்தேன். பெரியவ சாய்வதைப் பார்த்தேன். உயிரோடு இருந்ததைச் சாகவிட்டுவிட்டு, உங்கள் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். நான் கிடந்து நீங்கள் உட்கார்ந்திருந்தால் எழுந்து போய் மாட்டிவிட்டு வந்திருப்பீர்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்திருக்காது. இது அன்றைக்கே எனக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை.

நேற்று முழுக்கவும் இன்று காலையிலும் ட்ரிப் ஓடியது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து குழலை விட்டுப் பார்த்தேன். சிவப்புக் கோடு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. நாலு துளி தீனியைப் போட்டுவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். வெகு நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கல்லுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தான். ஒன்றைக் கவ்வித் துப்பினான். மறுபடி கவ்வினான். இந்தத் தடவை முழுங்கிவிட்டான்.

“எரும, இத்தனை நாளா உசுர வாங்கிட்டியே” என்று கத்தினேன். அவனைத்தான் திட்டினேன் என்று நினைத்தேன். கத்திய பிறகுதான் தெரிந்தது, உங்களை. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏழு மாதத்து அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, “மீன் போயிருச்சா மதினி?” என்றாள். “சாப்ட்டுருச்சு” என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை.

இதோடு முடித்துவிடலாம் என்றிருந்தேன். இன்று ஒன்று நடந்தது, அதையும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

எழவு வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் எனக்குச் செத்தவர் முகத்தில் கண் நிற்பதில்லை. அங்கே உயிரோடு எது கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்று தேடுகிறது. என் பொறுப்பில் இருக்கிற ஊர் ஒன்றில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்குப் பிரசவம் பார்த்த இடத்தில் நானும் இருந்தேன். கைப்பிள்ளையை எழவு வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று மூன்றாவது வீட்டில் யாரிடமோ கொடுத்துவைத்திருந்தார்கள். அது வீறிட்டு அழுவது இங்கே வரை கேட்டது. எல்லாருக்கும்தான் கேட்டது. அவள் மாராப்பை இழுத்து இழுத்து மூடினாள். ரவிக்கை நனைந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். “புள்ளைக்குப் பசிக்குது. எந்திரி, போய்ப் பாலக் குடுத்துட்டு வா.”

கூட்டத்தில் ஒரு அம்மா, “எடுக்குற வரைக்கும் பொறுக்கட்டும் நர்சம்மா. தலமாட்டுல ஒக்காந்தவ எந்திரிச்சா நாலு பேரு என்ன சொல்லுவாக?” என்றார்.

“சொல்றவுகள எங்கிட்ட அனுப்புங்க” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் எழுந்தாள். மூன்று வீடு தாண்டி அவளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, பிள்ளையை மடியில் போட்டேன். பிள்ளை வாய் வைத்த பிறகுதான் அந்தப் பெண் அப்பாவை நினைத்து வாய்விட்டு அழுதாள். அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு போக இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள். அவள் அழுது முடிக்கும்வரை, பிள்ளை குடித்து முடிக்கும்வரை, நான் நிலைப்படியில் நின்றுகொண்டேன். யாரையும் உள்ளே விடவில்லை.